பாதி விலை சார்ஜரும் ஜஹனாராவின் பேரமும்

1

இந்தக் கதை நோட்டீஸாகப் பிறந்தது. எங்கள் அடையாறு குடியிருப்பின் செயலாளர் சுப்புலக்ஷ்மி, மின்சார ஸ்கூட்டர் பேட்டரியைப் பத்திரமாக வைத்துக்கொள்வது எப்படி என்று லிஃப்டில் ஒட்டப் பத்து வரி கேட்டார். எழுதினேன். படித்த ஒரே ஆள் நான்தான். சரி, வீடு பற்றியெரிந்தால் படிப்பார்கள். ஒரு வீட்டைக் கொளுத்துவது என்று முடிவுசெய்தேன். (என் வீட்டை அல்ல. ரங்கநாதன் தெருப் பாத்திரக் கடைகளுக்கு நடுவே வளர்ந்தவன்; கற்பனையில்கூடச் சொந்த முதல் போடமாட்டேன்.)

2

முதல் தொடக்கம்: ‘மயிலாப்பூர் வானத்தில் நிலா...’ வேண்டாம். நிலாவுக்கு சார்ஜர் கிடையாது.

இரண்டாவது: ‘லித்தியம் என்பது...’ இதற்கு நோட்டீஸே தேவலாம்.

மூன்றாவது போணியாகும் போலிருக்கிறது. தி.நகரில் லேஸ், பட்டன் கடை வைத்திருப்பவர் ஷரஃபுதீன். ஸ்கூட்டரோடு வந்த சார்ஜர் கெட்டுப்போக, கம்பெனி விலையில் பாதிக்கு வேறொன்றைப் பேரம் பேசி வாங்கினார். இரண்டே வாரத்தில் பேட்டரி ஒரு பக்கம் உப்பியது. மயிலாப்பூரில் மாடி வீடு. ஒரே அறை, ஒரே வாசல். வாசலை ஒட்டிய கட்டிலில், வண்டியிலிருந்து கழற்றிய பேட்டரியை வைத்துத்தான் சார்ஜ் போடுகிறார்.* பக்கத்தில் மனைவி ஜஹனாரா தைத்து அடுக்கிய கல்யாணத் துணிகள்.

* மெத்தை மேல் கூடாது, வாசல் வழியில் கூடாது, வண்டிக்குரிய சார்ஜர் தவிர வேறு கூடாது. உப்பிய பேட்டரிக்கு சார்ஜே கூடாது. (நோட்டீஸை உள்ளே தள்ளிவிட்டேன். கவனித்தீர்களா?)

3

“ஏங்க, தொட்டுப் பாருங்க. இட்லிப் பானை மாதிரி சுடுது.”

“வெயில்ல ஓட்டிக்கினு வந்தேன் ஜஹனா, சுடாம இன்னா பண்ணும்?”

“உப்பிக்கினு வேற கீது.”

“நல்லா சாப்ட்டா உப்பாதா? சார்ஜ் ஏறுதுன்னு அர்த்தம்.”

“அந்த சார்ஜரத் தூக்கிப் போடுங்க.”

“இன்னாது! பாதி வெலைக்கு முடிச்ச பொருளு. தூக்கிப் போட்டா கடைக்காரன் ஜெயிச்ச மாதிரி ஆயிடும்.”

இந்த வியாதி எனக்குத் தெரியும். அடித்துப் பேசி வாங்கிய பொருள் சொத்தை என்று ஒப்புக்கொள்வதைவிட, எங்கள் தி.நகர் ஆட்கள் தீயில்கூடக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஷரஃபுதீன் சுவிட்சைப் போட்டார். நான் பேனாவைத் திறந்தேன். பேட்டரி ‘உஸ்’ என்றது. கட்டில், துணி, வீடு எல்லாம்—

4

“நிறுத்துண்ணே!”

ஜஹனாரா. என்னைத்தான்.

“நாலு பேரு படிக்கணும்னு எம் வூட்டக் கொளுத்துவியா?”

“சரிம்மா, பாதி வீடு.”

“கீறதே ஒரு ரூமு, அதுல பாதியா? ஒரு தலகாணி எடுத்துக்க.”

“தலையணைக்கு எவன் அழுவான்? கட்டிலும் துணியும்.”

“துணி இன்னொரு வூட்டுப் பொண்ணுது. வெள்ளிக்கிழம நிக்காஹ்.”

“கட்டில் மட்டும். கடைசி விலை.”

“அப்போ வேணாம்.”

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கதையை விட்டு நடையைக் கட்டினார். ஒரு வரி. இரண்டு வரி. திரும்பிப் பார்க்கவில்லை. அவர் போய்விட்டால் மிஞ்சுவது பிடிவாதக்காரப் புருஷனும் உப்பிய பேட்டரியும். அதைக் கொண்டுபோய் மறுபடி லிஃப்டில்தான் ஒட்ட வேண்டும்.

“வாங்கம்மா, வாங்க! எவ்வளவுதான் தருவீங்க?”

“சார்ஜர் வயர்ல கொஞ்சம் பொகை. பேட்டரில ஒண்ணும் கூடாது. அதுவும் நான் பாத்துக்கினு இருக்கறப்போ.”

கைநஷ்டத்தில் முடித்தேன்.

5

வயர் புகைந்தது.** ஜஹனாரா மெயினை அணைத்தார். ஷரஃபுதீன் முனகிக்கொண்டே பேட்டரியைக் கீழே எடுத்துப்போய், வண்டிகள் எதுவும் இல்லாத வெட்டவெளியில் வைத்தார். போன் போட்டதில், சர்வீஸ் ஆட்கள் காலையில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.

 ** பேட்டரியே புகைந்தால் தொடாதீர்கள். வெளியே ஓடுங்கள், தீயணைப்புக்குப் போன் போடுங்கள். இதில் பேரம் கிடையாது.

இங்கே முடித்திருக்கலாம். முடித்தும்விட்டேன். ஆனால் ஒரு மணி நேரம் கழித்துக் கீழேயிருந்து குரல்:

“ஜஹனா, ஆறிடுச்சி. வயர மட்டும் மாத்திக்கலாம். மேல எடுத்தாறேன்!”

நான் ‘வேண்டாம்’ என்று எழுதினால் அதையும் பாதியாகக் குறைத்துக் கேட்பார். மேலே வந்து சுவிட்சைப் போட்டாரென்றால் நான் முதலில் சொன்ன விலைதான், முழு வீடு. பேட்டரியை இரு கையாலும் அணைத்தபடி முதல் படியில் கால் வைத்துவிட்டார். மேலே ஜஹனாரா தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இந்தத் தடவை என்னைப் பார்க்கவில்லை.

“இன்னாங்க, படிச்சிக்கினே கீறீங்க? சொல்லுங்க அவராண்ட!”