சேலை வேலியில் ஒரு கேமரா

பச்சைச் சேலை வயிறு தள்ளி நிற்கிறது, எட்டு மாதம் இருக்கும், மேற்கே மலையிலிருந்து இறங்கிய காற்று உள்ளே புகுந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது, அடுத்த படத்தில் வயிறு வற்றிவிட்டது, அதற்கடுத்த படத்தில் மறுபடியும் எட்டு மாதம், பெனிட்டா மடிக்கணினியில் தட்டிக்கொண்டே போகிறாள், யக்கா, ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினாறு போட்டோக்கா, அம்புட்டும் ஒங்க சேலை, ஒரு பன்னி வாலுகூட இல்ல என்கிறாள், எனக்கு என்னவோ அந்தப் பச்சையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை, கோமதி வயிற்றில் இருந்தபோது உடுத்திய சேலை அது, வளைகாப்புக்கு எடுத்தது, அப்போதும் இதே மாதிரிதான் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றிருக்கிறேன், இதே தோட்டத்தில், இதே வரப்பில், எட்டு மாதக்காரி களை பறிக்க வந்து நிக்காளே என்று பக்கத்துத் தோட்டத்துப் பெரியக்கா கத்திக்கொண்டே சோற்று வாளியோடு ஓடி வருகிறாள், கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு மணக்கிறது, இல்லை, இப்போது வருவது பெனிட்டா குடிக்கிற காப்பியின் மணம், கோமதிக்கே கல்யாணமாகி ஆறு வருசம் ஓடிவிட்டது. கடையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் கடலை போடுகிற எல்லோரும் செய்வதுதான் இது, தோட்டத்தைச் சுற்றிக் கம்பு நட்டுப் பழைய சேலைகளை வரிசையாகக் கட்டிவிடுவோம், ஆள் நிற்கிறது என்று பன்றி பயந்து போய்விடுமாம், அப்படி நினைக்கிற பன்றி நாலில் ஒன்று இருக்கும், மற்ற மூன்றும் என் சேலைகளை என்னைவிட நன்றாகவே அடையாளம் தெரிந்து வைத்திருக்கின்றன. நாங்கள் கேமராவைக் கட்டியது அந்தச் சேலைகளுக்கு நேர் எதிரே, இந்தக் கேமராவுக்குக் கண்ணு முக்கியமில்லக்கா, சூடும் அசைவும்தான் முக்கியம், வெயில்ல காஞ்ச துணி ஆடுனா அதுக்கு அது உசுரு என்று பெனிட்டா தலையில் அடித்துக்கொள்கிறாள், நாந்தான் யோசிச்சிருக்கணும், ஒண்ணரை நாள்லயே கார்டு நெறஞ்சு போச்சு. பரவாயில்லை, ஒரு பெட்டி என் சேலையை உசுரு என்று நினைத்திருக்கிறது, எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பெருமைப்பட நேரமில்லை என்பதும் தெரியும், ஏனென்றால் மோட்டார் ரூமில் ஆணியில் கம்பிச் சுருள் தொங்கிக்கொண்டிருக்கிறது, என் வீட்டுக்காரர் வாங்கி வந்தது, பனைமரத்துப் பக்கம் பச்சைச் சேலைக்குக் கீழேதான் பன்றித் தடம், அங்கே தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கம்பியை இழுத்துக் கரண்டு குடுத்துருவேன், ஒரு பன்னி விழுந்தா மத்ததெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் போயிரும் என்கிறார், கடலை எண்பது நாள் பயிர், காய் பிடித்துவிட்டது, பாத்தி பாத்தியாக உழுது போட்ட மாதிரி கிடப்பதைப் பார்த்தால் எனக்கும் வயிறு எரிகிறதுதான், ஆனாலும் மனுசன் மாட்டுனா என்னங்க செய்விய என்றேன், விடியுமுன்ன அங்க எந்த மனுசன்ட்டி வாரான் என்றார், அந்த வாரத்தில்தான், கரடிகளைக் கணக்கெடுக்கிறேன் என்று பெனிட்டா தோள்பையும் தொப்பியுமாக வரப்பில் நடந்து வந்தாள், தண்ணி குடிக்க நின்றவளிடம் நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், பத்து நாளைக்கு ஒரு கேமரா தாரேன்க்கா, எது வருது, எந்நேரம் வருதுன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சிரும், கரண்டெல்லாம் வேண்டாம்ணே, ஆளு செத்தாலும் குத்தம், ஆனை செத்தாலும் குத்தம் என்று அவரிடமும் சொன்னாள், அவர் மீசையைத் தடவிக்கொண்டு, சரி, பத்து நாளு, பதினொண்ணாம் நாளு நான் ஆரு பேச்சையும் கேக்க மாட்டேன் என்றார். உள்ளங்கைக்குள் அடங்காத பெட்டி, மரப்பட்டை நிறம், எட்டு பேட்டரி போடணும், புதுச் சாமான் ஆயிற்றே என்று நான் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு ஓட, யக்கா யக்கா, கண்ணாடியில வச்சிராதிய என்று பெனிட்டா அலறி, கடைசியில் மூடியின் மேல் ஒரு பொட்டு வைத்துக் குங்குமமும் இட்டோம், பனைமரத்தில் முட்டி உயரத்தில் வாரால் இறுக்கினாள், இப்ப நீங்க பன்னி மாதிரி தவழ்ந்து வாங்க, சிவப்பு லைட்டு மின்னுதான்னு பாப்போம் என்றாள், நான் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு நாலு காலில் இறங்கினேன், கடலைச் செடி மூக்கில் உரசுகிறது, மண் குளிர்ந்து கிடக்கிறது, ஏட்டி, பன்னி இவ்வளவு மெதுவாவா போவும், கொஞ்சம் ஒறுமிக்கிட்டே போ என்று இவர் வரப்பில் நின்று சிரிக்கிறார், நான் உறுமினேன், லைட்டு மின்னியது, இவர் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று நாலு காலில் நின்றபடியே எண்ணிப் பார்த்தேன்.

சேலை படத்தைப் பார்த்த பிறகு பெனிட்டா புதுக் கார்டு போட்டாள், இனி இடையில தொறக்காதிய, வெள்ளிக்கிழமை வாரேன், அந்த ஒரு சேலைய மட்டும் அவுத்துருங்க என்று சொல்லிவிட்டுப் போனாள், அவிழ்க்க மனம் வரவில்லை, பச்சையைச் சுருட்டி மேல்கயிற்றோடு சேர்த்துக் கட்டி வைத்தேன், வெயில் தட்டியைச் சுருட்டி வைத்த மாதிரி, இவர் பார்த்துவிட்டு, பன்னிக்கு வாசல் வச்சிட்டியா, அப்படியே கோலமும் போட்டுரு என்றார், வாசல் வழியாக என்ன வருமோ என்ற யோசனையிலேயே தூங்கிப் போனேனா, கனவில் பன்றிகள் என் சேலைகளை உடுத்திக்கொண்டு வரிசையாக வருகின்றன, ஊதாச் சேலைப் பன்றி முன்னால் தாம்பாளம் ஏந்துகிறது, மஞ்சள் சேலைப் பன்றி குட்டிகளை அதட்டுகிறது, கல்யாண மண்டப வாசலில் நான் பன்னீர் தெளிக்கிறேன், எல்லாம் சிரித்துக்கொண்டே உள்ளே போகின்றன, ஒன்று மட்டும் வெளியே நின்று பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறது, விடிந்ததும் தோட்டத்துக்கு ஓடினால் பச்சைச் சேலை கீழே இறங்கியிருக்கிறது, சும்மா இறங்கவில்லை, நாலு மூலையும் இழுத்துப் பதமாகக் கட்டியிருக்கிறது, நான் மறுபடியும் சுருட்டினேன், மறுநாளும் இறங்கியிருந்தது, அதற்கடுத்த நாளும், எனக்குக் கோபம் வந்துவிட்டது, ஏங்க, கேமரா படம் எடுக்கக் கூடாதுன்னே கெட்டிவிடுதியளா, கம்பி இழுக்கணும்னு அவ்வளவு ஆசையா, இவருக்கும் வந்துவிட்டது, நான் எதுக்குட்டி கெட்டுதேன், நீயே தூக்கத்துல எந்திச்சு வந்து கெட்டுத போல, ஒங்க அம்மைக்கும் அந்தப் பழக்கம் உண்டும்பியே, அன்றைக்கு முழுவதும் நான் அவரோடு பேசவில்லை, சோற்றை மட்டும் வைத்தேன், ரசம் ஊற்றட்டுமா என்றுகூடக் கேட்கவில்லை, பேசாமல் இருப்பது இந்த வீட்டுக்கு நன்றாகப் பழகிவிட்டது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு பெனிட்டா வந்தாள், கார்டைக் கழற்றினாள், மோட்டார் ரூம் நிழலில் மூன்று பேரும் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தோம், இவர் எனக்கு அந்தப் பக்கம், நடுவில் பெனிட்டா, ராத்திரிப் படமெல்லாம் கறுப்பு வெள்ளை, முதலில் முள்ளம்பன்றி, முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது, அப்புறம் தாய்ப்பன்றியும் ஏழு குட்டியும், கோடு கோடாக உடம்பு, ஒரு குட்டி நேராகக் கேமராவிடம் வந்து மூக்கை வைத்துப் பார்த்திருக்கிறது, படம் முழுக்க மூக்கு, இவர் வாய்விட்டுச் சிரித்தார், சிரித்துவிட்டு, பாத்தியா, ஒரு மனுசனாவது வாரானா, பன்னிதான், இன்னைக்கே கம்பி இழுக்கேன் என்று எழுந்தார், பெனிட்டா அடுத்த படத்தைத் தட்டினாள், காலை ஐந்து பன்னிரண்டு என்று கீழே நேரம், இரண்டு கால், மனிதக் கால், செருப்பில்லாத கால், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒன்று தூக்கிய நிலையில் நிற்கிறது, இவர் எழுந்தவர் அப்படியே நின்றார், அடுத்த படத்தில் அந்த ஆள் குந்தியிருக்கிறார், தோளில் துண்டு, கையில் ஒரு கடலைச் செடி, வேரோடு, அடுத்ததில் மண்ணை உதறுகிறார், அடுத்ததில் வாய் நிறையக் கடலை, கன்னம் உப்பி, கேமரா இருப்பது தெரியாமல் மலையைப் பார்த்துக்கொண்டு சாவகாசமாக மெல்லுகிறார், அடுத்த நாள் ஐந்து பத்து, அதே ஆள், அதே இடம், இரண்டு செடி, தின்று முடித்துத் துண்டால் வாயைத் துடைத்து, எழுந்து, சுருட்டி வைத்த பச்சைச் சேலையைப் பார்த்து, பொறுப்பில்லாத பயலுவ என்று சொல்வது போல முகத்தை வைத்துக்கொண்டு, அவிழ்த்து, இழுத்து, நாலு மூலையும் கட்டிவிட்டு, கட்டு சரியாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போகிறார். இது ஆருக்கா என்று பெனிட்டா கேட்கிறாள். இவரோட அண்ணன், பெரியத்தான், பேரு சொள்ளமுத்து என்கிறேன்.

கோமதி கல்யாணப் பத்திரிகையில் தங்கள் நல்வரவை விரும்பும் என்று பதினேழு பேரைப் போட்டோம், பெரியத்தான் பெயரை முதலில் எழுதிக் கொடுத்தது நான், அச்சடித்து வந்தபோது இரண்டாவது பெயர் முதலாவதாக இருந்தது, முதல் பெயர் எங்குமே இல்லை, ஐந்நூறு பத்திரிகை ஊருக்குள் போன பிறகுதான் கவனித்தோம், எம்பேரு இல்லாத பத்திரிகைக்கு நான் எதுக்குடே வரணும், இனி ஒன் வரப்ப நான் மிதிச்சா ஏன்னு கேளு என்று தெருவில் நின்று சொன்னார், இவர் மன்னிப்புக் கேட்கப் போயிருக்கலாம், பதிலுக்கு மிதிக்காட்டா போரும் என்றார், பக்கத்துப் பக்கத்துத் தோட்டம், ஆறு வருசம், அண்ணன் வாய்க்காலுக்குக் குளிக்கப் போக ரோட்டைச் சுற்றிப் போவதை ஊரே பார்த்தது, விடியுமுன்ன எங்கள் வரப்பு வழியே குறுக்கே போவதை இந்தப் பெட்டி மட்டும் பார்த்திருக்கிறது. இவர் பெனிட்டாவின் தோளுக்கு மேலே குனிந்து, அந்தப் படத்த இன்னொருக்கப் போடும்மா என்றார், போட்டாள், பெரிசாக்க முடியுமா என்றார், பெரிசாக்கினாள், ரொம்ப நேரம் பார்த்தார், அண்ணன் புதுப்பல்லு கெட்டிருக்கான் போலட்டி என்றார், பச்சைக்கடலைய இப்படிக் கடிக்கான், முன்பல்லு ரெண்டும் என் கல்யாணத்துக்கு முன்னயே போச்சுதே, பிறகு, இவ்வளவு மெலிஞ்சு போனானே, எனக்குத் தெரியாமப் போச்சே என்று சொல்லிவிட்டு, ஆணியில் தொங்கிய கம்பிச் சுருளைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், பாவக்காய்க்குப் பந்தல் போட ஆவும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், நான் ஏதாவது சொன்னால் அழுதுவிடுவார், அழுதுவிட்டு அதற்கும் என்னைத்தான் ஏசுவார்.

அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று வரப்புக்குப் போனார், நானும் பின்னாலேயே ஓடுகிறேன், அந்தப் பக்கம் எலுமிச்சைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த பெரியத்தானைப் பார்த்து, ஏ அண்ணே, கடலை வேணும்னா பகல்ல வா என்று கத்தினார், ஆறு வருசத்துக்குப் பிறகு முதல் வார்த்தை, மண்வெட்டி நின்றது, ஆருலே ஒன் கடலையத் தின்னா, போட்டோ இருக்குண்ணே, வாயில கடலையோட, என்ன போட்டோ, கேமரா வச்சிருக்கோம், பன்னிக்கு வச்சது, பன்னிக்கு வச்சதுல என்னைய எதுக்குலே எடுத்த, நீ வந்து நின்னா எடுக்கத்தான் செய்யும், பெரியத்தான் மண்வெட்டிப் பிடியை மாற்றிப் பிடித்தார், எல்லாமே இந்த நிமிடத்தில்தான் இருக்கிறது, இந்த மனிதர் மண்வெட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தால் இனி சாகும்வரை ரோட்டைச் சுற்றித்தான் போவார், ஏலே நயினாரு, அந்தப் போட்டோவுலயாவது எம்பேரப் போட்டியா என்றார், இவரை முந்திக்கொண்டு நான்தான், நீங்க வந்து ஒங்க கையாலயே எழுதுங்க பெரியத்தான், பிள்ள மடிக்கணினி வச்சிருக்கா, சோறும் வெந்துருக்கு என்று கத்தினேன், சோறு வேகவில்லை, உலையே வைக்கவில்லை, அவர் மண்வெட்டியை எலுமிச்சை மரத்தில் சாய்த்தார். யக்கா, கேமராவ இன்னும் பத்து நாளு வச்சிக்கிடுங்க, இங்க பன்னியவிட நல்ல பிராணியெல்லாம் வருது என்று பெனிட்டா காதில் கிசுகிசுத்துவிட்டு வெற்றுக் கார்டைப் போட்டு மூடியைச் சாத்துகிறாள், பெரியத்தான் பனைமரத்துப் பக்கம் வருகிறார், காலையில் அவரே நாலு மூலையும் இழுத்துக் கட்டிய சேலை, இப்போது அவருக்கே வழிவிட மாட்டேன் என்கிறது, குனிகிறார், தலையை விடுகிறார், தோளை விடுகிறார், மாட்டிக்கொள்கிறார், பொறுப்பத்த பயலே, எவம்லே இப்படிக் கெட்டுனது என்று உள்ளேயிருந்து சத்தம் வருகிறது, நீதாம்ண்ணே என்று இவர் சிரித்துக்கொண்டே கட்டை அவிழ்க்க ஓடுகிறார், சிவப்பு லைட்டு மின்னுகிறது, மின்னுகிறது, பிறகு பெனிட்டா காட்டினாள், பச்சைச் சேலை வயிறு தள்ளி நிற்கிறது, பத்து மாதம் முழுதாக நிறைந்திருக்கும், உள்ளே இருப்பது காற்று இல்லை, அடுத்த படத்தில் வயிறு வற்றிவிட்டது, சேலைக்கு இந்தப் பக்கம் பெரியத்தான் நிற்கிறார், தலையில் என் முந்தானை, தோளில் தம்பி கை, புதுப்பல் அத்தனையும் வெளியே.