சிப்பி பொறுக்கிய விடுமுறை

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பள்ளி விடுமுறை விட்டால், அக்காவுக்கு அப்போதுதான் வேலை கழுத்தை நெரிக்கும். பள்ளிச் சீருடை தைக்கும் கடை அவளுடையது. யாரோ பெற்ற பிள்ளைகளின் பாவாடைக்கும் கால்சட்டைக்கும் அளவெடுத்தே அவளுடைய விடுமுறைகள் எல்லாம் கழிந்துபோயின. இந்த வருடம் கடைக்குப் புதிதாக ஒரு தையல்காரர் வந்து சேர்ந்ததால், தங்கையின் நச்சரிப்புக்கு ஒருவழியாகத் தலையாட்டியிருந்தாள். இருவரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்ச் சில நாள் தங்குவது என்று முடிவு. எங்கே தங்குவது என்பதில்தான் இழுபறி.

தங்கை மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். வேலை முடிந்து நேராகக் கடைக்கு வந்தவள், வெட்டு மேசையில் கிடந்த துணியை ஒதுக்கிவிட்டு ஃபோனை வைத்தாள்.

“இதப் பாருக்கா. வாசல்ல இறங்கினா மணல். ஞாபகம் இருக்கா?”

திரையில் ஒரு மாடி வீடு. வெளிப்பக்கமாக ஏறும் படிக்கட்டு, மேலே மரச்சட்டம் போட்ட நீள ஜன்னல். சுவருக்குப் புது வெள்ளை அடித்திருந்தார்கள். ஆனால் ஜன்னல், சிறுவயதில் இருவரும் வந்து தங்கியபோது பார்த்த அதேதான்.

அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தாள். பிறகு கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“படி செங்குத்தா இருக்கு. உன் பொண்ணு ஒரு இடத்துல நிக்கிறவளா? உருண்டு விழுந்தா நீதான் எக்ஸ்ரே எடுக்கணும்.”

“மேல ஒரு குட்டிக் கதவு போட்டிருக்காங்களாம். கேட்டுட்டேன்.”

“சமையலறை கீழ இருக்கு. ராத்திரி பிள்ளைக்கு ஒரு வாய் வெந்நீர்னா எறங்கி ஏறணும். கடலும் அங்க ஆழம்.”

“நாம போனப்ப முழங்கால் தண்ணிதானே?”

“யாரு முழங்கால்? என்னோடதுன்னா சரி. உனக்கு அது கழுத்து.”

அக்கா அதே கரையில் வேறொரு இடத்தைக் காட்டினாள். தரைத்தளத்தில் இரண்டு அறை, சுற்றுச்சுவர், அலை அடங்கிய சிறு வளைகுடா. தங்கைக்கு முகம் சுருங்கியது.

“வார்டு மாதிரி இருக்கு. லீவுலயும் நான் வார்டுலதான் படுக்கணுமா?”

அந்த மாடி வீட்டை அவள் எத்தனையோ முறை மனதில் திறந்து பார்த்திருக்கிறாள். பாயெல்லாம் மணல். உப்பேறி விறைத்த துண்டு. கொதிக்கும் வெயிலில் அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவாள்: “வா குட்டி, சிப்பி பொறுக்கலாம்!” அந்த விடுமுறை முடிந்த கையோடு அப்பா தனி வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு அப்பா வீடு, அம்மா வீடு என்று எல்லாமே இரண்டாகிப் போனது.

“நாம நாலு பேரும் ஒண்ணா இருந்த கடைசி லீவுக்கா அது. நான் அதையே பதிவு பண்ணப் போறேன்.”

கத்தரிக்கோல் துணியின் நடுவில் நின்றது. அக்கா பின்பக்கம் திரும்பி, “அண்ணே, நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க” என்றாள். தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றது. அவர் வெளியே போகும்வரை காத்திருந்தாள்.

“குட்டி, அந்த வீடு வேணாம்டி. அப்பாவும் அம்மாவும் அங்க வந்ததே பிரியறதா, சேர்ந்து இருக்கறதான்னு பேசி முடிக்கத்தான். சண்டைகூடக் கெடையாது. மெதுவாத்தான் பேசுவாங்க. அதத்தான் என்னால கேக்க முடியல. அப்பா ‘பிள்ளைங்க யார்கிட்ட?’ன்னு ஆரம்பிச்சா, உன்னத் தூக்கிட்டு எறங்கிடுவேன்.”

“சிப்பி பொறுக்க.”

“எனக்குச் சிப்பின்னாலே ஆகாது. நாத்தம் குடலப் பிடுங்கும். உன்ன அவ்ளோ நேரம் வெளிய வைக்க வேற என்னத்தச் சொல்றது?”

தங்கை சுவரைப் பார்த்தாள். அளவு பார்க்கும் மறைப்புக்குப் பக்கத்தில், ஓரமெல்லாம் சிப்பி பதித்த கண்ணாடி தொங்கியது. முதல் சம்பளத்தில் அக்காவுக்காக அவள் ஆசையாசையாக வாங்கித் தந்தது.

“அப்ப இத எதுக்கு மாட்டி வெச்சிருக்க?”

“நீ வாங்கிக் குடுத்தது. தூக்கியா போடுறது?”

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. “அப்ப அந்த லீவு நல்லாவே இல்லியா?”

“நீ நல்லாத்தானே இருந்த. மூக்கெல்லாம் தோல் உரிஞ்சு, தட்டுல கை இருக்கும்போதே தூங்கி வழிவ.”

தங்கை ஃபோனை எடுத்துத் தரைத்தளத்தையே பதிவு செய்தாள்.

இடம் பிள்ளைகளுக்குத் தோதாகத்தான் இருந்தது. அக்காவின் பையன்கள் இருவரும் தங்கையின் மகளும் தண்ணீரை விட்டு எழவே இல்லை. அக்கா மத்தியானத்தில் அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள். ஒரு சாயங்காலம் பிள்ளைகளை முன்னால் ஓடவிட்டு இருவரும் நடந்தபோது, வளைகுடா முடிகிற இடத்தில் அக்காவே மறுபக்கம் திரும்பினாள்.

“வா, அதப் பாத்துட்டு வந்துடலாம்.”

மாடி வீட்டில் யாரோ ஒரு குடும்பம் தங்கியிருந்தது. படிக்கட்டின் கைப்பிடியில் ஒருவர் ஈரத் துண்டுகளை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அக்கா இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தாள்.

“இத்தனூண்டு வீடா இது?”

படிகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் எண்ணினாள். பிறகு அக்காவின் முகத்தில் ஏதோ இளகியது.

“அம்மா அந்தப் படியில உக்காந்து ஒரு நாள் வாய்விட்டுச் சிரிச்சாங்கடி. அப்பாவோட தொப்பி காத்துல பறந்து, அவரு வேட்டைநாய் மாதிரி தொரத்திட்டு ஓடினாரு. சுத்தமா மறந்தே போயிருந்தேன்.”

“எனக்கு அது தெரியவே தெரியாதே! தொப்பி கெடச்சுதா?”

“எங்க கெடைக்கிறது? தண்ணிக்குள்ள போயிடுச்சு. இவரும் செருப்போட பின்னாலயே போனாரு. அம்மா ‘விடுங்க, விடுங்க’ன்னு கத்துறாங்க, ஆனா சிரிப்ப அடக்க முடியல…”

பிள்ளைகள் பசி, பசி என்று தூரத்தில் கூப்பாடு போட்டார்கள். அக்கா கையை ஆட்டி ‘வருகிறோம்’ என்று காட்டிவிட்டு, தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு, அப்பா தண்ணீருக்குள் எப்படிக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார் என்பதை நடந்தே காட்டினாள்.