முன் இருக்கையில் ஒரு குழந்தை

ஓமானின் ஷினாஸ் கரையில் மீன் ஏலம் பாதியில் நின்றது அன்றுதான் முதல் தடவை. ஏலம் கூவுகிற கல்ஃபானுக்கு இருபது வருடத்தில் ஒரு நாள்கூடத் தொண்டை கட்டியதில்லை. அன்று காலை ஒரு பெரிய நெய்மீனின் வாலைப் பிடித்துத் தூக்கி விலையை ஏற்றிக்கொண்டே போனவர், சட்டைப் பையில் கைபேசி அதிர்ந்ததும் எடுத்துப் பார்த்தார். மீன் கையிலிருந்து நழுவி மணலில் விழுந்தது. "என்ன கல்ஃபான், மீன் கடிச்சிருச்சா?" என்று யாரோ கேட்டார்கள். சிரிப்பு எழுந்தது. அவர் வண்டியை நோக்கி நடந்தார்.

போக்குவரத்துக் காவல் அனுப்பிய செய்தி அது. பக்கத்து நாட்டில் செய்கிற குற்றத்துக்கும் இனிமேல் சொந்த நாட்டிலேயே அபராதம் வந்துவிடும் என்று வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லை தாண்டி ஓட்டுகிறவர்கள்தான் கவலைப்பட வேண்டும் என்று அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எமிரேட்ஸ் பக்கம் போயே வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் செய்தியில் இருந்த வண்டி எண் அவர் ஓட்டுகிற வண்டியுடையது அல்ல. எட்டு வருடத்துக்கு முன்னால் தம்பி அஸ்ஸான் எடுத்துக்கொண்டு போன வண்டியுடையது.

சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்த மனைவி ராயாவிடம் கைபேசியை நீட்டினார். அவள் புறங்கையால் முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு வாய்விட்டுப் படித்தாள்.

"எமிரேட்ஸ், ராஸ் அல் கைமா, நக்கீல், பள்ளிக்கூடச் சாலை. நேத்து பகல் ஒண்ணு பத்து. பத்து வயசுக்குள்ள இருக்கிற குழந்தைய முன் சீட்டுல..." அதற்கு மேல் படிக்க முடியவில்லை. "குழந்தை! அஸ்ஸானுக்குக் குழந்தை!" என்று கத்தினாள். பிறகு மாவுக் கையோடு நின்று குலவையிட்டாள். பக்கத்து வீட்டு ஆடுகள்கூடத் தலை தூக்கியிருக்கும்.

"அபராதம் வந்திருக்கு. நீ குலவை போடுற" என்றார் கல்ஃபான்.

ராயாவின் குலவை நின்றது. ஏதோ கணக்குப் போடுவதுபோல் அவரைப் பார்த்தாள். "ஆமா, இது எப்படி உங்களுக்கு வந்துச்சு? வண்டிய என் பேர்லேருந்து வெட்டி விட்டுட்டேன்னு சொன்னீங்களே?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவன் பேரையே இந்த வீட்டுல எடுக்கக் கூடாதுன்னீங்க. அவன் வண்டிக்கு மட்டும் வருஷா வருஷம் பதிவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் கட்டியிருக்கீங்க!"

"வழியில போலீஸ் அவனை நிறுத்திட்டா..." என்றார்.

அம்மா இறந்தபோது அஸ்ஸானுக்கு ஏழு வயது. புதுப் பெண்ணாக வந்த ராயாதான் அவனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பி வளர்த்தாள். இருபத்தேழு வயதில் அவன் ஹிந்த் என்கிற ஆசிரியையைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னான். அவள் முதல் கணவனைப் பிரிந்தவள். அவனைவிட நான்கு வயது மூத்தவள். வீட்டுக்குப் பெரியவர் போய்க் கேட்டால்தான் பெண் கேட்டதாகக் கணக்கு. "அந்த வாசல்ல என் கால் படாது" என்றார் கல்ஃபான். அன்றைக்கே அவன் கிளம்பிப் போனான். கைபேசி எண்ணையும் மாற்றிவிட்டான். ஹிந்தின் குடும்பமும் ஊரைக் காலி செய்துகொண்டு போனது. அபுதாபி என்றார்கள் சிலர், அஜ்மான் என்றார்கள் சிலர்.

"பள்ளிக்கூடம் விடுற நேரம் ஒண்ணு பத்து" என்றாள் ராயா, கையைக் கழுவிக்கொண்டே. "இன்னைக்கும் விடுவாங்கள்ல?"

ஒன்பதரைக்குக் கிளம்பினார்கள். போகும் வழியில் ராயா ஒரு பெரிய டப்பா ஹல்வா வாங்கிக்கொண்டாள். கல்ஃபான் நல்ல தலைப்பாகையை எடுத்துக் கட்டியிருந்தார். எல்லைச் சாவடியில் அடையாள அட்டை எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்த இளம் அதிகாரி, "ஐயா, உங்க பேர்ல ஒரு அபராதம் நிக்குது" என்றான்.

"தெரியும். என் தம்பி குழந்தை வாங்கிக் கொடுத்தது."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தான். "குழந்தை ஓட்டுச்சா?"

"உட்கார்ந்துது. முன்னாடி உட்கார்ந்துது" என்று ராயா அந்தப் பக்கமிருந்து எட்டிச் சொன்னாள். "எட்டு வருஷமா எங்களுக்குத் தெரியாது தம்பி. நீங்க அனுப்பின செய்திலதான் தெரிஞ்சுது."

அவனுக்குப் பாதிதான் புரிந்தது போலிருந்தது. ஆனாலும் எழுந்து நின்று இருவருக்கும் வாழ்த்துச் சொன்னான். கல்ஃபான் நாற்பத்திரண்டு ரியாலை அங்கேயே வங்கி அட்டையில் கட்டினார். அவ்வளவு சந்தோஷமாக அவர் எதற்கும் பணம் கட்டியதில்லை.

 மலைகளுக்கு நடுவே சாலை ஏறி இறங்கியது. அஸ்ஸான் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? யார் நீங்கள் என்று கேட்டால்? இந்தக் கேள்விகளை எட்டு வருடமாகக் கேட்டுக் கேட்டுத்தான் அவர் வீட்டைவிட்டுக் கிளம்பாமலே இருந்தார். ராயா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தபடி வந்தாள். பிரார்த்தனையா பாட்டா என்று அவருக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூடச் சாலையில் வெள்ளை எண் பலகை வண்டிகள் வரிசையாக நின்றன. மணி அடித்து, வாசலிலிருந்து பிள்ளைகள் கொட்டினார்கள். ஓமானின் மஞ்சள் எண் பலகையை முதலில் பார்த்தது ராயாதான். "அதோ" என்று விரலை நீட்டினாள். தாடி வைத்த, சற்றுக் கனத்த ஓர் ஆள் வண்டியருகே நின்றிருந்தான். இரட்டைப் பின்னல் போட்ட சிறுமி ஒருத்தி ஓடி வந்து, முன் கதவைத் திறந்து, உள்ளே ஏறி உட்கார்ந்தாள்.

என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்து வந்த கல்ஃபான் அத்தனையையும் மறந்தார். ஏலத்தில் கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கேட்கும் குரல் அது.

"டேய்! புள்ளைய பின்னாடி உட்கார வைடா!"

தெருவே திரும்பியது. அஸ்ஸான் திரும்பவில்லை. முதுகு காட்டியபடி அப்படியே நின்றான். சாவி கையிலிருந்து கீழே விழுந்ததை மட்டும் கல்ஃபான் பார்த்தார். பிறகு அவன் தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறானோ என்று அவர் பதறி ஓடினார். கிட்டே போனபோது அவன் சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணீர் வழிந்து தாடி நனைந்திருந்தது.

"அண்ணே, நேத்து போலீஸ்காரனும் இதையேதான் சொன்னான்."

"அவன் சொல்லித்தான்டா வந்தேன்."

ராயா இருவரையும் விலக்கிக்கொண்டு புகுந்து, அவன் காதைப் பிடித்து இரண்டு தடவை திருகினாள். "அண்ணி, அண்ணி, வலிக்குது" என்று குனிந்தவனை அப்படியே நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். பின்னால் வண்டிகள் ஒலிப்பானை அடித்தன. யாரும் நகரவில்லை. சிறுமி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "வாப்பா, இவங்க யாரு?" என்றாள். அவள் பெயர் ஷம்சா. பின் இருக்கைக்கு மாற மாட்டேன் என்று அடம் பிடித்தாள். ராயா தன்னோடு உட்கார்ந்தால் மாறுகிறேன் என்று பேரம் பேசி ஜெயித்தாள்.

வீடு பக்கத்துத் தெருவில்தான். உள்ளே சோறு வெந்துகொண்டிருக்கும் வாசனை வாசல்வரை வந்தது. கதவைத் திறந்தது ஹிந்த். கல்ஃபானை அடையாளம் தெரிந்ததும் அவள் முகம் இறுகியது. வாருங்கள் என்று சொல்லவில்லை. ஷம்சா மட்டும் அவள் கைக்குக் கீழே நுழைந்து உள்ளே ஓடினாள்.

கல்ஃபான் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உங்க அப்பா இருக்காரா?"

"இருக்கார். எதுக்கு?"

"எங்க அஸ்ஸானுக்கு உங்களைப் பொண்ணு கேட்டு வந்திருக்கேன். கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

ஹிந்த் அவரையே பார்த்தாள். பிறகு ராயாவின் கையிலிருந்த டப்பாவை. உதட்டின் ஓரம் துடித்தது.

"மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்றாள்.

"அபராதம் வாங்குறார்" என்றாள் ராயா.

"அப்பா தூங்குறார். கேட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் நில்லுங்க." கதவு சாத்திக்கொண்டது.

மூவரும் வெயிலில் நின்றார்கள். உள்ளே ஹிந்த் சத்தமாக ஏதோ சொல்வதும், ஒரு கிழக்குரல் "யாரு, யாரு?" என்று கேட்பதும் கேட்டது.  பிறகு பீரோ திறந்து மூடுகிற சத்தம். "அந்தப் பழசு வேணாம், நல்ல அங்கிய எடு" என்று கிழவர் அதட்டினார். கல்ஃபான் தலைப்பாகையைத் தொட்டுச் சரிசெய்துகொண்டார்.