ஜெபத்தின் நடுவே கேட்டோ வெர்னன்

சர்ச்சின் புதிய ஹாலுக்கு யார் பெயரை வைப்பது என்று முடிவெடுக்க ஒரு சினிமா தேவைப்பட்டதே இசில்டா அம்மாளுக்குப் பிடிக்கவில்லை. ஹோப்வேல் மலையில் வெர்னன் குடும்பத்தைத் தெரியாதவர் யார்? அவருடைய பாட்டனுக்குப் பாட்டனைப் பெற்றவர் கேட்டோ வெர்னன், கரும்புத் தோட்டத்து அடிமை. ஏறக்குறைய இருநூறு வருடங்களுக்கு முன் அடிமைகள் கலகம் செய்த கிறிஸ்துமஸின்போது பைபிளில் கை வைத்து முதலில் சத்தியம் செய்தவர் அவர்தான். காய்ந்த கரும்புச் சக்கையைக் குவிக்கும் சக்கைக் கொட்டகைக்கு முதல் தீ வைத்தவரும் அவர்தான். மற்றவர்களைத் தூக்கில் போட்டபோது தன் சாமர்த்தியத்தால் காட்டுக்குள் போய்த் தப்பித்தவர். இதை இசில்டா அம்மாள் எழுபத்தாறு வயதுக்குள் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை.

ஆனால் சபைப் பெரியவரான டீக்கன் எக்பர்ட் டல்லக்குக்கும் ஓர் அப்பா இருந்தார். புயலில் பறந்துபோன கோயில் கூரையைத் திரும்பப் போட்டவர். அவர் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று டீக்கன் பிடிவாதமாக நின்றார். சர்ச் கமிட்டி இரண்டாகப் பிளந்தது. அந்தச் சமயம் பார்த்து, கலகத்தைப் பற்றி ஒரு படம் எடுத்திருப்பதாகவும், அதை முதலில் இந்த மலைக்காரர்களுக்கே காட்ட ஆசை என்றும் தலைநகர் கிங்ஸ்டனிலிருந்து கெரிஷா என்ற பெண் போன் செய்தாள்.

"படத்துல கேட்டோவும் வர்றாராம். பார்த்துட்டு ஓட்டுப் போடலாம்" என்றார் பாஸ்டர்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், பொரித்த மீனையும் மரவள்ளிக்கிழங்கு பாமி ரொட்டியையும் தின்றுவிட்டு, சபை மொத்தமும் ஹாலில் கூடியது. இசில்டா அம்மாள் முதல் வரிசையில், நாற்காலியின் முதுகில் தன் முதுகு படாமல் உட்கார்ந்தார். பக்கத்தில் சிநேகிதி டாட்லின். பின்வரிசையில் டீக்கன்.

"எல்லாமே பழைய கோர்ட்டுக் காகிதத்துல இருக்கறதுதான்" என்று கெரிஷா சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.

ஹோப்வேல்காரர்களுக்குப் பேசாமல் படம் பார்க்கத் தெரியாது. திரையில் கங்காணி சவுக்கை எடுத்ததும், "வச்சுட்டுப் போடா அதை" என்று நாலு குரல் கேட்டது. ஒரு பெண் தண்ணீருக்குப் போனபோது, "அந்தப் பக்கம் போகாதம்மா, அவன் நிக்கிறான்" என்று வழி சொன்னார்கள். அடிமைகள் பாட்டுப் பாடியதும் ஹாலே சேர்ந்து பாட, அந்த நேரத்தில் வெள்ளைக்காரத் துரை பேசிய முக்கியமான வசனம் ஒருவர் காதிலும் விழவில்லை. பாட்டு நின்ற பிறகும் இவர்கள் இரண்டு சரணம் கூடுதலாகப் பாடினார்கள்.

படத்தில் ஒரு மிஷனரி பிரசங்கம் செய்தார். "கர்த்தர் உங்களைப் பார்க்கிறார்" என்றார்.

"ஆமென்" என்றார் பேக்கரிக்கார பிரதர் லாயிட்.

"ஆகையால் உங்கள் எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள்."

ஹால் முழுவதும் வெறுப்போடு பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சும் சத்தம் நீளமாக எழுந்தது.

"அந்த ஆமெனைத் திருப்பி எடுத்துக்கறேன்" என்றார் லாயிட்.

அதற்குப் பிறகுதான் கேட்டோ வந்தார். நல்ல உயரம், அகலமான தோள். டாட்லின் இசில்டா அம்மாளின் விலாவில் இடித்தாள். "உங்க வீட்டு மூக்கு அப்படியே இருக்கு, சிஸ்டர்."

"நடிகனோட மூக்கு எப்படி எங்க வீட்டு மூக்காகும்?" என்றார் அவர். ஆனாலும் மனசுக்குள் குளிர்ந்தது.

குடிசையில் ரகசியக் கூட்டம். கிறிஸ்துமஸ் முடிந்ததும் கூலி கொடுக்காமல் யாரும் கரும்பு வெட்டப் போவதில்லை என்று ஒவ்வொருவராகச் சத்தியம் செய்யப் போகிறார்கள். தலைவனாக நடித்தவன் பைபிளை உயர்த்திப் பிடித்து, "முதலில் ஜெபம் பண்ணுவோம்" என்றான்.

காற்றில் சாய்ந்த கரும்பு மாதிரி ஹாலில் இருந்த தலைகள் எல்லாம் ஒன்றாகக் குனிந்தன. கண்கள் மூடின.

இசில்டா அம்மாள் மூடவில்லை. அந்த நடிகனைப் போன மாதம்தான் டிவியில் பீர் விளம்பரத்தில் பார்த்திருந்தார். சம்பளம் வாங்கிக்கொண்டு ஜெபம் செய்கிறவனுக்கு முன்னால் ஒரு வெர்னன் கண்ணை மூட வேண்டியதில்லை. அதனால்தான் அடுத்து நடந்ததைப் பார்த்தார்.

ஜெபம் நீண்டுகொண்டே போனது. கேட்டோவின் நெற்றியில் வேர்த்தது. அவர் பைபிளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். மெல்ல ஒரு அடி பின்னால் வைத்தார், இன்னொரு அடி வைத்தார். பிறகு அந்த அகலமான தோளை எப்படியோ ஜன்னலுக்குள் நுழைத்து, வெளியே விழுந்து, எழுந்து ஓடிப் போனார். சத்தியம் செய்யவே இல்லை.

"ஆமென்" என்றது திரை. "ஆமென்" என்றது ஹால். கண்கள் திறந்தன. திரையில் மற்றவர்கள் சத்தியம் செய்துகொண்டிருந்தார்கள்.

இசில்டா அம்மாள் முதலில் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். யாராவது பார்த்தார்களா? டாட்லின் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். மெல்லத் தலையைத் திருப்பினார். பின்வரிசையில் ஒரே ஒரு ஜோடிக் கண் அகலமாக விழித்துக்கொண்டு அவரையே பார்த்தது. டீக்கன் டல்லக்.

சற்று நேரத்தில் திரையில் சக்கைக் கொட்டகை எரிந்தது. இருட்டில் வேறு எவனோ, ஒல்லியான ஒருவன், பந்தத்தோடு ஓடினான். "அதோ உங்க கேட்டோ" என்று டாட்லின் கை தட்டினாள். ஹால் மொத்தமும் கை தட்டியது. இசில்டா அம்மாளின் கை மட்டும் மடியிலேயே கிடந்தது.

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். "இதுக்கு மேல என்ன பேச்சு? கேட்டோ பேரையே வச்சுடலாம்" என்றார் லாயிட். பலரும் தலையாட்டினார்கள்.

டீக்கன் எழுந்து தொண்டையைச் செருமினார். "பாஸ்டர், எனக்கு ஒரு இடம் சரியாப் புரியல. அந்த ஜெபம் வருதே, அதை மறுபடி ஒரு தடவ பாக்கலாமா?"

"ஜெபத்துல பாக்கறதுக்கு என்ன இருக்கு, டீக்கன்?" என்று கேட்டார் இசில்டா அம்மாள்.

ஹால் சிரித்தது. ஜெபத்தில் கண் திறந்திருந்தேன் என்று ஒரு டீக்கன் சபை நடுவே எப்படிச் சொல்வார்?

"கேக்கறதுக்குத்தான் சொன்னேன். நல்ல ஜெபம்" என்று சமாளித்தார் டீக்கன்.

"கேட்டுட்டுப் போகட்டுமே" என்று பாஸ்டர் கெரிஷாவிடம் கையசைத்தார். "இது சினிமாதான். எல்லாரும் கண்ணத் திறந்தே வச்சிருங்க."

மறுபடியும் இருட்டு. மறுபடியும் குடிசை. "முதலில் ஜெபம் பண்ணுவோம்" என்றான் பீர் விளம்பரக்காரன். தலைகள் மறுபடியும் குனிந்தன. பாஸ்டரின் தலைதான் முதலில் குனிந்தது. கெரிஷா மலைத்துப்போய் நின்றாள்.

இசில்டா அம்மாள் ஜெயித்துவிட்டார். நூறு தடவை போட்டாலும் இந்தச் சபை கண்ணைத் திறக்காது. ஹாலுக்குக் கேட்டோ வெர்னன் பெயர் வந்துவிடும். ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பெயர்ப் பலகைக்குக் கீழே டல்லக் நிற்பார். ஒன்றும் சொல்ல மாட்டார், இவரைப் பார்த்து இரக்கத்தோடு புன்னகை மட்டும் செய்வார். டல்லக்கின் இரக்கம்! வெர்னன் குடும்பத்துக்கு அதைவிடக் கேவலம் வேறு உண்டா?

திரையில் கேட்டோவுக்கு வேர்த்தது.

இசில்டா அம்மாள் எழுந்து நின்றார். கமிட்டி அறிக்கை வாசிக்கும் குரலில் சொன்னார்: "எல்லாரும் கேளுங்க. எங்க கேட்டோ இப்போ பின்னால போறார். ஜன்னல்ல ஏறிட்டார். தோள் மாட்டிக்கிச்சு. விழுந்துட்டார். எழுந்து ஓடறார்."

தலைகள் நிமிரவில்லை. ஜெபம்தான் இன்னும் முடியவில்லையே.

கண்ணை மூடியபடியே டாட்லின் கேட்டாள்: "எந்தப் பக்கம் ஓடறார், சிஸ்டர்?"

"காட்டுப் பக்கம்."

"கால்ல ஏதாச்சும் போட்டிருக்காரா?"

"இல்ல."

"ஐயோ பாவம், முள்ளு."

"ஆமென்" என்றது திரை. "ஆமென்" என்றது ஹால். எல்லாரும் நிமிர்ந்து இசில்டா அம்மாளைப் பார்த்தார்கள்.

"சத்தியம் பண்ணல, தீயும் வைக்கல" என்றார் அவர். "நான் இத்தனை வருஷம் சொன்னது தப்பு. டீக்கன் இதைத்தான் காட்ட நினைச்சார். அவர் கண்ணும் திறந்துதான் இருந்துச்சு."

ஹாலின் பார்வை பின்வரிசைக்குத் தாவியது.

"கண் ஆபரேஷன் பண்ணதிலருந்து எனக்குச் சரியா மூட மாட்டேங்குது" என்றார் டீக்கன்.

"ஒரு கண்ணுலதானே பண்ணாங்க" என்றாள் அவர் மனைவி.

சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. இசில்டா அம்மாள் சிரிக்கவில்லை. "நான் முன்மொழிஞ்சதை வாபஸ் வாங்கறேன், பாஸ்டர். கூரை போட்டவர் பேரையே வைங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"நானா இருந்தா ஜெபம் தொடங்கறதுக்கு முன்னாடியே கதவு வழியாப் போயிருப்பேன்" என்றார் லாயிட்.

"அவர் குதிக்கலன்னா சிஸ்டர் ஏது, சிஸ்டரோட பேரப் பிள்ளைங்க ஏது?" என்றாள் டாட்லின். "நின்னவங்களத் தூக்குல போட்டாங்க. அவங்களுக்காக அழுதோம். ஓடினவர் பிள்ளை பெத்தார். அதுக்கும் ஒரு ஆமென் சொல்லக் கூடாதா?"

அங்கங்கே ஆமென் கேட்டது. டீக்கன்கூடச் சொன்னார், வாய்க்குள்ளேயே.

"ஹால் டல்லக்குக்குப் போகட்டும்" என்றார் லாயிட். "கேட்டோ பேரை ஒரு ஜன்னலுக்கு வைப்போம்."

மறுபடியும் சிரிப்பு வெடித்தது. பாஸ்டர் பயத்தோடு இசில்டா அம்மாளின் முகத்தைப் பார்த்தார். அவர் எழுந்து போய்விடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவரும் எழுந்தார். முதுகு வளையாமல் ஹாலின் ஒரு பக்கம் முழுக்க நடந்தார். ஒவ்வொரு ஜன்னலின் முன்னும் நின்று, சட்டத்தின் அகலத்தைக் கையால் சாண் போட்டுப் பார்த்தார்.

"இது பத்தாது. எங்க ஆட்களுக்குத் தோள் பெருசு" என்றார்.