கறுப்பு பியரும் என் மூக்கும்

அன்று காலை எழுந்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பல் துலக்கும்போதே சட்டையை மாட்டினேன், சட்டையை மாட்டும்போதே செருப்பைத் தேடினேன், கடைசியில் ஒரு காலில் ஒரு செருப்பும் மறு காலில் வேறொரு செருப்புமாகப் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தேன். அண்ணி என் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். சிரிக்கட்டும். இன்றைக்கு ஊரே சிரித்தாலும் எனக்குக் கவலையில்லை.

எங்களுடையது சின்ன பியர் பட்டறை. அண்ணன் முதலாளி. அண்ணி முன்பக்கக் கடையைப் பார்த்துக்கொள்கிறாள். மூட்டை தூக்குவது, பாத்திரம் கழுவுவது, நிலவறையைக் காப்பது எல்லாம் கரடியின் வேலை. கரடி என்றால் ஆள்தான். உடம்பெல்லாம் முடி, குரலும் அப்படி, மனசு மட்டும் பஞ்சு. என்னைவிட மூத்தவன், ஆனாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். நான் பியர் காய்ச்சுகிறவள். சரியாகச் சொன்னால், காய்ச்சிக்கொண்டிருந்தவள்.

நான் கடைசியாகக் காய்ச்சியது ஸ்டவுட் என்கிற கறுப்பு பியர். கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு. கருக வறுத்த பார்லியை அளவு பார்க்காமல் அள்ளிக் கொட்டியதில் கஞ்சி களியாகி, கரடி துடுப்பை நட்டுவிட்டுக் கையை எடுத்தால் அது அப்படியே நின்றது. ஒரு நாள் முழுக்கக் கொதிக்கவிட்டுச் சுண்டக் காய்ச்சினோம். அத்தனை கனமான சரக்கைப் புதிதாகக் குடிக்க முடியாது. தொண்டையைக் கீறும். பாட்டிலில் அடைத்து, மூடிமேல் மெழுகு தோய்த்து, நிலவறையில் சில வருஷம் தூங்கவிட வேண்டும். தூங்கி எழுந்தால் குணமாகிவிடும், எங்கள் அண்ணனைப் போல.

அதை அடைத்து வைத்த கையோடு எனக்குக் காய்ச்சல் வந்தது. போகும்போது அது வெறுங்கையோடு போகவில்லை. என் மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. மூக்கு முகத்தில்தான் இருந்தது, ஆனால் மணம் இல்லை. சாப்பாடு என்பது உப்பு, புளிப்பு, சூடு என்ற அளவில் நின்றுபோனது. மூக்கில்லாமல் பியர் காய்ச்சுவது கண்ணைக் கட்டிக்கொண்டு லாரி ஓட்டுகிற மாதிரி. அண்ணன் பாவம், எதுவும் சொல்லாமல் எனக்கு ஆர்டர் எடுக்கும் மேஜையைக் காட்டினான். நானும் போய் உட்கார்ந்தேன். போன் அடிக்கும்போதெல்லாம் அதை எடுத்துச் சுவரில் அடிக்கலாமா என்று தோன்றும்.

"திரும்பி வரலாம்மா," என்று டாக்டர் சொல்லியிருந்தார். "ஆனா நேரா வரும்னு சொல்ல முடியாது. சில பேருக்குக் கோணலா வரும். காபி ரப்பர் எரியற மாதிரி இருக்கும், பழம் சாக்கடை மாதிரி இருக்கும். அப்படியே நின்னும் போகலாம்."

எனக்கு இரண்டு முறை திரும்பி வந்தது. இரண்டு முறையும் பொய். முதல் முறை எலுமிச்சை மணக்கிறது என்று கத்தினேன், அண்ணி சந்தோஷத்தில் அழுதாள். பிறகு பார்த்தால் அது வாசனையே இல்லாத சோப்பு, உறையில் எலுமிச்சைப் படம் போட்டிருந்தது. இரண்டாவது முறையும் அதே கதைதான். எதிரே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் போதும், மூளை தானாகவே வாசனையைத் தயார் செய்து கொடுத்துவிடும். அண்ணி மறுபடியும் அழுதாள், இந்த முறை வேறு மாதிரி.

அதனால்தான் போன வாரம் நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. தெருவில் நடந்துகொண்டிருந்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூக்குக்குள் சுருக்கென்று ஏதோ ஏறியது. திரும்பினால் பின்னால் ஒரு லாரி புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. முதலில் வாசனை, அப்புறம்தான் லாரி. நடுத்தெருவில் நின்று நான் சிரித்த சிரிப்பில் ஒரு அம்மா தன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனாள்.

ஆனால் லாரிப் புகையை வைத்துக்கொண்டு பியர் காய்ச்ச முடியாதே. இத்தனை வருஷமும் என் பழைய குறிப்புகளை வைத்து அண்ணனே எப்படியோ காய்ச்சி ஒப்பேற்றினான். அடுத்த திங்கட்கிழமை புது ஆள் வருகிறான், என் இடத்துக்கு. அண்ணன் பேசி முடித்துவிட்டான். அவன் வருவதற்குள் என் ஸ்டவுட்டைத் திறந்துவிட வேண்டும் என்று அண்ணிதான் நாள் குறித்தாள். அவர்களுக்கு அது ஒரு பியர் ருசி பார்க்கிற நாள். எனக்கு அது பரீட்சை. அந்த ஸ்டவுட் எனக்கு நேராக மணந்தால் புது ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டு நான் காய்ச்சப் போவேன். மணக்காவிட்டாலோ கோணலாக மணந்தாலோ, எனக்கு அந்த போன்தான் கதி.

நிலவறைப் படியில் எனக்கு முன்னால் கரடி இறங்கினான். வாசல் தாழ்வு. வழக்கம்போலத் தலையை இடித்துக்கொண்டு வழக்கம்போல வாசலைத் திட்டினான். கீழே செங்கல் சுவர், ஒற்றை பல்பு, நடுவில் கவிழ்த்துப் போட்ட பீப்பாய். அதன்மேல் வாய் குறுகிய கிளாஸ்களைத் துடைத்து வைத்திருந்தாள் அண்ணி. ருசி பார்க்க நாக்கு சுத்தமாக இருக்கட்டும் என்று நான்கு பேரும் காலையிலிருந்து வாயில் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. அண்ணன் பசியில் உர்ரென்று இருந்தான்.

கரடி ஒரு பாட்டிலைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி வந்தான். சிவப்பு மெழுகின் மேல் தூசி படிந்திருந்தது.

"நான் வெட்டறேன், குடு," என்றேன்.

"அவசரத்துல கையை வெட்டிக்கப் போற அக்கா."

"வெட்டிக்க மாட்டேன்டா. குடு."

கத்தியால் மெழுகைச் சுற்றிக் கீறி உரித்தேன். ஓப்பனரை வைத்து நெம்பினேன். புஸ்ஸென்று மெல்லியதாக ஒரு சத்தம், ரொம்ப மெல்லியதாக. உயிர் இருக்கிறது! கிளாஸைச் சாய்த்து ஊற்றினேன். எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கியது. நுரை பழுப்பு நிறத்தில் எழும்பி, யோசித்து, அடங்கியது. பல்புக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் இந்தப் பக்கம் வரவே இல்லை. என் ஸ்டவுட்!

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. காய்ச்சியவர் கடைசியில்தான் வாயைத் திறக்க வேண்டும். முன்பு நான் முதலில் பேசிக்கொண்டிருந்தபோது, நான் என்ன சொன்னாலும் மற்றவர்கள் மாடு மாதிரி தலையை ஆட்டினார்கள். என் கோபத்துக்குப் பயந்து என்று அண்ணி சொல்வாள். அதனால் இந்த ஏற்பாடு. மற்றவர்கள் ஒவ்வொருவராக முகர்ந்து, குடித்து, வாயில் உருட்டி, மனதில் பட்டதைச் சொல்வார்கள். நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு காத்திருப்பேன்.

அண்ணன் முகர்ந்தான். குடித்தான். தொண்டையைச் செருமினான்.

"அடேயப்பா! சாக்லேட்டு. நல்ல கறுப்பு சாக்லேட்டு. அப்புறம் உலர்ந்த திராட்சை. இது மாதிரி ஒண்ணை நான் குடிச்சதே இல்ல. என்னா ஒரு இது!"

அவன் எப்போதும் இப்படி நீட்டிப் பேசுகிறவன் இல்லை. பசி மயக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"காபி," என்றாள் அண்ணி. "அப்பத்தான் போட்ட காபி. கொஞ்சம் வெல்லம் மாதிரி ஒரு இனிப்பு. ரொம்ப நல்லா வந்திருக்குடி."

கரடி ஒரே மடக்கில் விழுங்கிவிட்டுக் கூரையைப் பார்த்தான். "நல்லாருக்கு அக்கா," என்றான் கூரையிடம்.

என் முறை. கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தேன். கண்ணை மூடினேன். சாக்லேட், திராட்சை, காபி, வெல்லம் என்று எல்லாவற்றையும் என் காதில் போட்டாகிவிட்டது. இனி மூளை சும்மா இருக்குமா? இதோ பார் சாக்லேட் என்று எடுத்து நீட்டப் போகிறது, நானும் ஏமாறப் போகிறேன் என்று பயந்தபடிதான் முகர்ந்தேன்.

ஒன்றுமில்லை.

கிளாஸைச் சுழற்றினேன். உள்ளங்கைச் சூட்டில் அது கொஞ்சம் இளகட்டும் என்று காத்திருந்தேன். மறுபடி மூக்கை உள்ளே விட்டேன். அப்போது வந்தது. மெதுவாக, எங்கோ தூரத்திலிருந்து வருவது போல வந்து, சட்டென்று மண்டை முழுக்க நிறைந்தது. நிஜம்! சத்தியமாக நிஜம்! கத்தலாம் என்று வாயைத் திறந்தேன், திறந்த வாய் அப்படியே நின்றது.

வந்தது சாக்லேட் இல்லை. காபி இல்லை. ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். நாக்கிலும் அதுவேதான், இன்னும் மோசமாக. இன்னொரு வாய். சந்தேகமே இல்லை.

டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. கோணலாக வரும். அப்படியே நின்றுபோகலாம். மூன்று பேருக்கு சாக்லேட்டும் காபியுமாக இருப்பது எனக்கு இப்படி மணக்கிறது என்றால், என் மூக்கு வந்திருக்கிறது, உடைந்து வந்திருக்கிறது. கிளாஸைப் பீப்பாய்மேல் வைத்தேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. எனக்கு அழுதால் கோபம் வரும், கோபம் வந்தால் இன்னும் அழுகை வரும்.

"என்னடி ஆச்சு?" என்றாள் அண்ணி.

"ஒண்ணுமில்ல. திங்கக்கிழமை அந்த ஆளு வரட்டும். எனக்கு இனிமே சரிப்படாது."

"ஏன், வாசனை எதுவும் தெரியலையா? பரவால்லம்மா. அதான் நாங்க சொல்றோமே, அவ்வளவு நல்லா..."

"தெரியுது அண்ணி! தெரியுது, அதான் எனக்கு வயித்தெரிச்சல்!" என்று கத்தினேன். "மூக்கு வந்துடுச்சு. ஆனா கோணலா வந்திருக்கு. உங்களுக்கெல்லாம் சாக்லேட்டு, காபி. எனக்கு நனைஞ்ச அட்டைப்பெட்டி!"

"என்ன சொன்ன?" என்றான் அண்ணன். "திரும்பச் சொல்லு."

"அட்டைப்பெட்டி! மழையில நனைஞ்சு, மூலையில கிடந்து, பாதி காஞ்சு போன அட்டைப்பெட்டி. அதுக்கு அடியில பழைய சோயா சாஸ் மாதிரி ஒரு நெடி. போதுமா? இன்னும் விவரமா வேணுமா?"

அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி கரடியைப் பார்த்தாள். கரடி கூரையை விட்டு இறங்கி என்னைப் பார்த்தான். அவன் தாடிக்குள் உதடு துடித்தது.

"அக்கா," என்றான். "எனக்கும் அட்டைதான் அக்கா!"

"என்னது?"

"வாயில வெச்சதுமே அட்டை. துப்ப இடம் இல்லாம முழுங்கினேன்!"

"சோயா சாஸ்!" என்று அண்ணன் பீப்பாயை ஓங்கிக் குத்தினான். "அதான் என்னடா இதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்! சோயா சாஸேதான்! இது கெட்டுப் போச்சுடி! காத்து உள்ள போயி சுத்தமா கெட்டுப் போச்சு!"

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. "அப்ப சாக்லேட்டுன்னு சொன்னியே?"

"உங்க அண்ணிதான்," என்று உடனே காட்டிக்கொடுத்தான். அவனிடம் எந்த ரகசியமும் தங்காது, வெந்நீரில் போட்ட உப்புதான்.

அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "நான்தாண்டி சொல்லிவெச்சேன். எப்படி இருந்தாலும் நல்லா இருக்குன்னு சொல்லணும்னு. நீ கடைசியா செஞ்சது. உனக்குத்தான் தெரியப் போறதில்லையே, சந்தோஷமா இருக்கட்டுமேன்னு..."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த நிலவறை இடிந்து விழுந்திருக்க வேண்டும். பாவி மனுஷர்களா, உங்கள் அன்பை நம்பி நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நாளைக்கே என் மூக்கை நானே குப்பையில் போட்டிருப்பேனே! நல்ல மூக்கை! திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். வந்தது சிரிப்பு. சிரித்தபடியே அண்ணியைக் கட்டிப்பிடித்துச் சுற்றினேன், ஒரு காலில் இருந்த செருப்பு பறந்துபோய் எங்கோ விழுந்தது.

"கெட்டுப் போச்சு அண்ணி! கெட்டுப் போச்சு!"

"ஆமாண்டி, நாசமா போச்சு!"

"குப்பை! என் வாழ்க்கையிலயே இவ்வளவு மோசமா நான் எதையும் காய்ச்சினதில்ல!"

கரடி சந்தோஷத்தில் எகிறிக் குதித்து உத்தரத்தில் தலையை இடித்துக்கொண்டான். இந்த முறை திட்டவில்லை. மூளை செய்து கொடுக்கிற வாசனை எல்லாம் கேட்டதையும் தெரிந்ததையும் வைத்துத்தான் செய்யும். அட்டைப்பெட்டி என்று இங்கே யாரும் சொல்லவில்லை. மூன்று பேர் சேர்ந்து மறைத்ததை என் மூக்கு தனியாகப் போய்க் கண்டுபிடித்திருக்கிறது!

கொஞ்சம் அடங்கியதும் அண்ணன் முதலாளியானான். "அப்ப எல்லா பாட்டிலும் போச்சா?" என்றான் பரிதாபமாக.

"இருக்காது," என்றேன். பாட்டிலின் மூடியை எடுத்து விரலால் தடவினேன். ஒரு பக்கம் சரியாகக் கவ்வவே இல்லை. "அடைக்கிற மெஷின் இதை ஒழுங்கா அழுத்தல. மெழுகு மறைச்சிருச்சு. இந்த வரிசையில இருக்கிறது பூரா ஒவ்வொண்ணா திறந்து பாக்கணும்."

"யார் பாக்கறது?"

"இங்க மூக்கு யாருக்கு இருக்கு?"

அண்ணன் வாயெல்லாம் பல்லாகப் போனை எடுத்தான். "புது ஆளை வர வேணாம்னு சொல்லிடறேன்."

"வரச் சொல்லு. என்கிட்ட வேலை கத்துக்கட்டும். துடுப்பு போட கரடிக்கும் ஒரு கை வேணும்."

கரடி அடுத்த பாட்டிலைக் கொண்டுவர ஓடினான். அண்ணி பீப்பாயைத் துடைத்து இடம் செய்தாள். என் கிளாஸில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. சீச்சீ என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு அதை எடுத்துச் சாக்கடைத் துளையில் கவிழ்க்கப் போனாள்.

"கொட்டாதீங்க அண்ணி!"

அவள் கையிலிருந்து பிடுங்கினேன். மூக்கை உள்ளே விட்டேன். அட்டைப்பெட்டி, நனைந்தது, சந்தேகத்துக்கு இடமில்லாமல். மூவரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கேவலமான பியரைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் முகர்ந்து முகர்ந்து, கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்தேன்.