ஆறரைக் கிலோ பருத்தி

வரிசையாகத் தொங்கிய ஐந்து பஞ்சிங் பேக்குகளில் நான்காவதன் அடிப்பாகத்தை இரண்டு கைகளாலும் அமுக்கிப் பார்த்தேன். கல்லாக இருந்தது. மேல்பாதி தலையணைபோலக் குழைந்தது. உள்ளே மரத்தூளும் மணலும் போட்டிருக்கிறார்கள். லாரியில் வந்த குலுக்கலிலேயே மணல் கீழே இறங்கிவிட்டது. "இதுல ஒரு மாசம் குத்தினா பை அப்படியே இருக்கும், மணிக்கட்டுதான் இருக்காது" என்றேன். எங்கள் குத்துச்சண்டை மாஸ்டர் என்னைப் பெருமையோடு பார்த்தார். கடைக்காரர் பார்த்த விதத்தில் பெருமை இல்லை.

எங்கள் ஜிம் டயர் கடைக்குப் பின்னால் இருக்கும் பழைய கிடங்கு. வாரத்தில் ஐந்து மாலை, இருபது பேர்வரை வருவோம். ஒரே வருடத்தில் இரண்டு பைகள் தையல் பிரிந்து போயிருந்தன. கார்களுக்கு சீட் கவர் தைப்பது என் தொழில் என்பதால் மூன்றாவதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஜிம்மில் என் பெயரே 'டபுள் தையல்'தான். புதுக் கையுறை வாங்குகிறவர்கள்கூட என்னிடம் காட்டிவிட்டுத்தான் அதன் அட்டையைக் கழற்றுவார்கள். கட்டைவிரல் சேரும் இடத்தைத் திருப்பிப் பார்த்து, உள்துணி தைத்ததா வெறுமனே ஒட்டியதா என்று விரலால் நெருடிப் பார்த்துச் சொல்வேன். எனக்கு அது பிடித்திருந்தது. நாற்பத்தாறு வயதில் ரிங்கில் ஏறி யாரையும் அசத்த முடியாது.

கடைசியில் நான் எடுத்தது வெறும் உறை. கனத்த ரெக்ஸின், உள்ளே கேன்வாஸ், நைலான் நூலில் மூன்று வரிசைத் தையல். சங்கிலி மாட்டும் பட்டைகள் வாயோடு நின்றுவிடாமல் அடிவரை ஓடித் திரும்பி வந்தன.

"உள்ள என்னத்தைப் போடுறது?" என்றார் மாஸ்டர்.

"பழைய துணிதான். கீறிப் போட்டு இறுக்கினா எட்டு வருஷத்துக்கு நாம இந்தக் கடைப் பக்கமே வர வேண்டாம்."

ஆளுக்கு ஐந்து கிலோ துணி, ஞாயிற்றுக்கிழமைக்குள் என்று அன்று மாலையே மாஸ்டர் அறிவித்துவிட்டார்.

எங்கள் வீட்டில் ஐந்து கிலோ பழைய துணி சேராது. கிழிந்ததெல்லாம் துடைப்பதற்கென்று என் பட்டறைக்கு வந்துவிடும். சனிக்கிழமைவரை யோசித்துவிட்டு அப்பாவின் அலமாரியைத் திறந்தேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து அப்போது ஐந்து மாதம். குடிநீர் வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவராக முப்பத்திரண்டு வருடம் தெருத்தெருவாக நடந்தவர். நாள் முழுக்கக் குழிக்குள் குனிகிற வேலை; ஆனால் இஸ்திரி போடாத சட்டையோடு ஒருநாளும் கிளம்பியதில்லை. "அடுத்தவன் வீட்டு வாசல்ல போய் நிக்கறோம்டா" என்பார். இப்போது தலைவழியே மாட்டும் பனியனும் நாடா வைத்த பைஜாமாவும். அதையும் என் மனைவிதான் மாட்டிவிட வேண்டும். டாக்டர், "போகப் போகத்தான் தெரியும்" என்று சொல்லியிருந்தார். இனி ஒன்றும் இல்லை என்று நான் அதை எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வதில் ஒரு சௌகரியம் இருந்தது.

எட்டுச் சட்டை, ஐந்து பேண்ட். அதே அறையில் அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஹேங்கர்கள் உரசும் சத்தம் வராமல் ஒவ்வொன்றாக உருவினேன். வேண்டாத துணியை யாரும் அவ்வளவு திருட்டுத்தனமாக எடுப்பதில்லை. அது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஜிம் தராசில் ஆறரைக் கிலோ காட்டியது. "பாத்துக்கங்கய்யா, அவ்வளவும் சுத்தப் பருத்தி!" என்று மாஸ்டர் தூக்கிக் காட்டினார். சட்டையை முழுதாகத் திணித்தால் கட்டிகட்டியாக நிற்கும், இரண்டு விரல் அகலத்துக்குக் கீறவேண்டும் என்று எல்லோருக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இரட்டைப் பை வைத்த சாம்பல் நிறச் சட்டையை என் கத்தரிக்கோலால் நானே கீறினேன். நல்ல துணியைப் பையின் நடுவில், நெஞ்சு உயரத்தில் வைக்கச் சொன்னதும் நான்தான். குத்து அதிகம் விழுகிற இடம் அது.

அடுத்த இரண்டு மாதத்தில், என் மனைவியின் தோளைப் பிடித்தும் பிறகு சுவரைப் பிடித்தும் அப்பா குளியலறைவரை நடக்க ஆரம்பித்தார். ஒருநாள் காலையில், இழுத்து இழுத்து, ஆனால் தெளிவாகச் சொன்னார்: "இந்தத் தடவை பென்ஷன் ஆபீசுக்கு நானே போறேன். நான் உயிரோட இருக்கறதை அவன் கண்ணால பாத்து எழுதிக்கட்டும். அந்த சாம்பல் சட்டையை எடும்மா."

மனைவி அலமாரியைத் திறந்தாள். காலி ஹேங்கர்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இஸ்திரிக்குப் போட்டிருக்குப்பா" என்றேன்.

"எல்லாமேவா?"

"எல்லாமே."

சமையலறைக்குள் வந்ததும் மனைவி குரலைத் தாழ்த்தினாள். "நிஜத்தைச் சொல்லுங்க." சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள். "தினம் நாலு தடவை அவர் கையைத் தூக்கித் தூக்கி இறக்கறேனே, அது எதுக்குன்னு நினைச்சீங்க? நீங்களே போய் மாமாகிட்ட சொல்லிடுங்க. உங்களுக்காக நான் பொய் சொல்ல மாட்டேன்."

மூன்று நாள் சொல்லவில்லை. மாலையில் ஜிம்முக்குப் போனேன். பை கிண்ணென்று தொங்கியது, ஒரு நூல்கூடப் பிசிறவில்லை. "டபுள் தையல் கைவண்ணம்டா!" என்று யாரோ தட்டிக்கொடுத்தார்கள். நான் அதன் அடிப்பகுதியிலேயே குத்திக்கொண்டிருந்தேன். "என்னய்யா, அதுக்கு முழங்கால் வலியா? மேல குத்து" என்றார் மாஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள்.

நான்காம் நாள் அப்பா எழுந்து செருப்பைத் தேடினார். "நானே போய்க் கேட்டுக்கறேன்." மாடியிலிருந்து பதினான்கு படி. நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தார். முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே இறங்கினேன். அடுத்த படியில் சொல்லிவிடலாம், அடுத்த படியில் சொல்லிவிடலாம் என்று தெருவே வந்துவிட்டது.

இஸ்திரிக் கடைக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடிவந்தார். "சார்! நடந்தே வந்துட்டீங்களா! இருங்க, உக்காருங்க."

"உக்கார வரலப்பா. என் சட்டையெல்லாம் எங்க? எட்டுச் சட்டை. பையன் கொண்டாந்து குடுத்து நாளாச்சு."

அவர் என்னைப் பார்த்தார். நான் இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நோட்டைப் புரட்டினார், திரும்பவும் புரட்டினார். போன மாதம்தான் யாருடைய படுக்கை விரிப்பையோ மாற்றிக் கொடுத்துவிட்டு ஏச்சு வாங்கியிருந்தார். பொய் சொல்லும்போது எனக்கு இந்தக் கடை சட்டென்று நினைவுக்கு வந்ததே அதனால்தான்.

"நான் ஊருக்குப் போயிருந்தப்ப தம்பி கடையைப் பாத்தான் சார். எழுதாம வாங்கிப் போட்டிருப்பான்" என்றவர் உடனே போனை எடுத்தார். "டேய், மீட்டர் சார் துணியை என்னடா பண்ணினே? பொய் சொல்லாதே. சார் மகன் குடுத்தேங்கறாரு, நீ வாங்கலேங்கற? அவரு என்ன பொய்யா சொல்லப்போறாரு?" மறுமுனையில் அந்தத் தம்பி எதையோ சத்தியம் செய்துகொண்டிருந்தான்.

"விடுங்க, பரவால்ல" என்றேன். எனக்கே சகிக்க முடியாதபடி அந்தக் குரலில் பெருந்தன்மை இருந்தது.

"உனக்கென்னடா பரவால்ல?" என்றார் அப்பா. "சட்டை என்னோடது."

கடைக்காரர் போனை வைத்தார். "தப்பு எங்க மேலதான் சார். தேடி எடுத்துடறேன். இல்லேன்னா ஒண்ணொண்ணா புதுசு தைச்சுக் குடுத்துடறேன்." பரணிலிருந்து யாரும் வாங்கிப் போகாத துணிமூட்டையை இறக்கி அவிழ்த்தார். கிளிப்பச்சை ஒன்றைப் பிரித்தார். "நான் என்ன கல்யாண வீட்டு பேண்டு வாத்தியக்காரனா?" என்றார் அப்பா. பிறகு வந்தது வெளிர்நீலத்தில் மெல்லிய கோடு போட்டது. அப்பா அதைத் தொட்டுப் பார்த்துத் தலையசைத்தார். கடைக்காரர் அதில் தண்ணீர் தெளித்து, காலர், கை, முதுகு என்று எங்கும் அவசரப்படாமல் தேய்த்தார். வெளியே இரண்டு பேர் துணியோடு காத்திருந்தார்கள். "ஒரு நிமிஷம், சார் ஆபீசுக்குப் போகணும்" என்று அவர்களிடம் சொன்னார்.

அப்பா பனியனை மேலே தூக்கச் சொன்னார். உருவினேன். தெருவைப் பார்த்தபடி, வெறும் மார்போடு, சட்டை மாட்டிக்கொள்ளக் கைகளைப் பின்பக்கம் தூக்க ஆரம்பித்தார். விலாவில் எலும்புகள் தெரிந்தன.

"சட்டைத் தோளைப் பிடிச்சுக்கங்கண்ணே" என்று கடைக்காரர் சட்டையை என்னிடம் தந்தார். விரல் சுடுகிற சூடு.

"அப்பா" என்றேன்.

"என்னடா?"

அவர் திரும்பவில்லை. இடது கை ஏற்கெனவே தயாராக நின்றது. பக்கவாதம் தாக்கிய வலது கை, கொஞ்சம் கொஞ்சமாக, இன்னும் மேலே வந்துகொண்டிருந்தது.