கன்சர்வேட்டிவ் கட்சியும் எங்கள் வீட்டு லாச்சியும்

டென்மார்க்கில் அரசாங்கம் விழுந்த செய்தியை நான் நியூசிலாந்தில், ஓக்லாந்தின் ஹென்டர்சனில், என் வீட்டுச் சமையலறையில், சனிக்கிழமைப் பேப்பரில் வாசித்தேன். 1993 ஜனவரி. வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தின் அடியில் உள்ளங்கை அளவு இடம். பத்து வருஷம் ஆண்ட கன்சர்வேட்டிவ் பிரதமர் பதவி விலகுகிறாராம். காரணம் தமிழர்.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஊரில் கிராம அதிகாரியான ஒரு விதானையைக்கூட அசைக்க முடியாத நாங்கள் ஐரோப்பாவில் ஓர் அரசாங்கத்தைக் கவிழ்த்துவிட்டோம்.

மிச்சத்தையும் வாசித்தேன். தமிழ் அகதிகள் தங்கள் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பங்களைத் தொடாமல் வைக்கும்படி 1987இல் அந்தக் கட்சியின் நீதி அமைச்சர் சொல்லியிருக்கிறார். கூப்பிடும் உரிமையைச் சட்டமே கொடுத்திருந்தது. நீதிபதி ஒருவர் விசாரித்து ஆறாயிரம் பக்கத்தில் அறிக்கை எழுதியிருக்கிறார்.

சிரிப்பு நின்றுவிட்டது. அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. அழுகையோ பயமோ வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த அறையில் என் தங்கை ராகவி யூனிபோர்மை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தாள். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் அவளுக்கு ஒன்பது மணிக்கு வேலை. அவளுடைய புருஷன் நிமலன், கலியாணமாகி மூன்றாம் மாதம், 1986இல் டென்மார்க் போனவன். அங்கே அவனை அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த வருஷமே அவளைக் கூப்பிட விண்ணப்பம் போட்டுவிட்டதாக எழுதினான். அவள் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்துகொண்டு காத்திருந்தாள். ஒவ்வொரு கடிதத்திலும் அவனுக்கு ஒரே வசனம்தான். போட்டாச்சு, பதில் இல்லை.

அதை நம்பாதவன் நான். யாழ்ப்பாணக் கச்சேரியில், அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், பதினொரு வருஷம் கிளாக்காக இருந்தவன். ஒரு ஃபைல் எப்படி நித்திரை கொள்ளும், யார் தட்டினால் எழும்பும் என்பதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அது எங்கள் நாட்டில். டென்மார்க்கில் அப்படி நடக்குமா? அதுவும் கன்சர்வேட்டிவ் ஆட்சியில்? அந்த மாதிரிக் கட்சிக்காரர் மேல் எனக்கு எப்போதும் ஒரு மரியாதை. சத்தம் போடாத, சட்டம் ஒழுங்கு என்று கதைக்கிற, மேசையைத் துப்புரவாக வைத்திருக்கிற மனிதர்கள். நானும் அந்த ரகம்தான். அப்போது நான் ஓக்லாந்துக்கு வந்து ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். போனில் அவளுக்குச் சொன்னேன்:

"வெள்ளைக்காரன் ஃபைலை வைச்சுக்கொண்டு இருக்கமாட்டான், பிள்ளை. இவன்தான் போடேல்லை. அங்க வேற ஆரோ இருக்கு."

மூன்றாம் தரம் சொன்னபோது அவள் மறுத்துக் கதைக்கவில்லை. நிமலனுக்கு எழுதுவதையும் நிறுத்திவிட்டாள்.

1989 ஏப்ரலில் அவன் எனக்கு எழுதினான். "மச்சான், எங்கட ஃபைலுகளை மந்திரிதான் நிப்பாட்டி வைச்சதாம். இப்ப இங்க பேப்பரெல்லாம் அதுதான் கதை. இனித் திறப்பினம். நீங்கள் சொன்னால் ராகவி கேப்பாள். இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கோ." கீழே டெலிபோன் நம்பரும் இருந்தது.

மந்திரியாம்! கேட்கிறவன் கேணையன் என்றால் எருமை மாடும் ஏரோப்பிளேன் ஓட்டும். மேசை லாச்சியை இழுத்து, கடிதத்தைக் கார் காகிதங்களுக்கு அடியில் போட்டேன். அன்றிலிருந்து அவனை மச்சான் என்று சொல்வதையும் விட்டேன்.

ராகவியை இங்கே ஸ்பொன்சர் பண்ணுவதற்கு, புருஷனைப் பிரிந்துவிட்டாள் என்று ஒரு கடதாசி தேவைப்பட்டது. நானே எழுதி அனுப்பினேன். அவள் கையெழுத்துப் போட்டாள். அவனும் போட்டு அனுப்பினான், கூட ஒரு வரிகூட எழுதாமல்.

இப்போது லாச்சியைத் திறந்தேன். கடிதம் போட்ட இடத்திலேயே கிடந்தது. பேப்பரையும் அதோடு சேர்த்து வைத்து மூடினேன். ஆம், மூடினேன். நாலு வருஷம் ஒன்றும் ஆகவில்லை, இனியும் ஆகாது என்று நினைத்தேன். அவள் என்னை நம்பித்தானே கையெழுத்துப் போட்டாள் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்த மந்திரிகூட வேறு ஆட்களைக் கொண்டுதான் செய்வித்தார். நான் என் கையாலேயே செய்துகொண்டிருந்தேன். திரும்பத் திறந்து இரண்டையும் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன்.

ராகவி முதலில் பேப்பரை வாசித்தாள். பிறகு கடிதத்தை, நின்றபடியே, இரண்டு தரம்.

"இது எப்ப வந்தது?"

"எண்பத்தொன்பது. ஏப்ரல்."

"நான் மே மாதம்தானே சைன் வைச்சனான்."

"ஓம்."

அவள் அயர்னை எடுத்து மிச்சமிருந்த ஒரு சட்டைக் கையையும் தேய்த்து முடித்தாள். எனக்கு ஏச்சு வேண்டியிருந்தது. அவளோ யூனிபோர்மை ஹாங்கரில் கொழுவினாள்.

"டென்மார்க்கில இப்ப என்ன நேரம், அண்ணா?"

"வெள்ளிக்கிழமை பின்னேரம். ஏழரை."

கடிதத்தைப் பார்த்துப் பார்த்து நம்பரைச் சுழற்றினாள். அந்த நம்பர் மாறியிருக்கும் என்று நான் சொன்னேன். மாறியிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நாலாவது மணியில் யாரோ எடுத்தார்கள். அவள் அந்தக் குரலைக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டினாள்.

"நீங்கள் கதையுங்கோ. உங்களுக்குத்தானே எழுதினவர்."

காதில் வைத்தேன். அந்தப் பக்கத்தில் டேனிஷ் மொழியில் ஏதோ கேட்டான். ராகவி கையைக் கட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நின்றாள். வேலைக்குப் போகிற எண்ணம் அவளிடம் தெரியவில்லை. போனில் சத்தம் நின்றது. வைத்துவிட்டான் என்று நினைத்தபோது தமிழில், மெதுவாகக் கேட்டான்.

"ராகவியோ?"

"இல்லை, மச்சான்," என்றேன். "நான் ஆனந்தராசா."